நெல்மணிச் சிப்பாய்களும் என் சம்பந்தியும்

"அத்தை, உங்க நீலச் சட்டைக்காரங்க உங்க பீரங்கியையே ஏன் சுடறாங்க?"

என் மாப்பிள்ளை நரசிம்மன் இப்படிக் கேட்டபோது நான் வறுத்த கடலையை வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். மென்றது அப்படியே நின்றுவிட்டது. எதிரே என் சம்பந்தி, அதாவது நரசிம்மனின் அப்பா, பகடையைக் கைக்குள் குலுக்கிக்கொண்டிருந்தார். அவர் குலுக்குவதும் நின்றது.

மேசை மேல் இரண்டு படைகள். சிவப்பு அவருடையது, நீலம் என்னுடையது. இடது மூலையில் என் நீலப் படை ஒன்று முதுகைத் திருப்பிக்கொண்டு என் பீரங்கியைக் குறிபார்த்து நின்றது. அதைத் திருப்பி வைத்தவர் சம்பந்தி. நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன்.

மாப்பிள்ளை தொழிற்சாலையிலிருந்து வந்த போனைப் பேச பால்கனிக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் இந்தக் கேள்வி. அவர் முகத்தில் வந்த எரிச்சல் இருக்கிறதே, மூன்று வாரமாகச் சேர்த்து வைத்தது அவ்வளவும் அதில் தெரிந்தது. அவர் மேல் குற்றமில்லை. அந்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் எல்லோருமே எரிந்து விழுந்துகொண்டுதான் இருந்தோம்.

ஏன் சும்மா இருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பொம்மைச் சண்டை

போன வாரம் நாங்கள் மைசூர் மண்டி மொஹல்லா வீட்டைக் காலி பண்ணின கதையைச் சொன்னேன். வீட்டுச் சொந்தக்காரர் இடித்துக் கடை கட்டப் போகிறேன் என்றார். நாங்கள் நஞ்சன்கூடு ரோட்டுப் பக்கம் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். மாப்பிள்ளைக்கு நஞ்சன்கூட்டில் வேலை, அவருக்கு வசதி. எனக்கு லிஃப்டு. அதைப் பற்றி ஏற்கெனவே புலம்பிவிட்டேன்.

சண்டை விளையாட்டைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. சொன்னால் பைத்தியக்காரக் குடும்பம் என்று நினைப்பீர்களே என்று என் மகள் சுமதி தடுத்து வைத்திருந்தாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். அதனால் அவள் தடுத்தால் நிற்க வேண்டியதுதான். இந்த வாரம் அவளே சரி என்றுவிட்டாள்.

விளையாட்டு இதுதான். சின்னச் சின்னச் சிப்பாய் பொம்மைகள். காலாள், குதிரைக்காரன், பீரங்கிக்காரன். மேசை மேல் பச்சைத் துணி விரித்து, மரம், வீடு, வேலி எல்லாம் வைத்து, இரண்டு பேர் எதிரெதிரே நின்று படை நடத்துவது. ஒருத்தர் நகர்த்தினால் அடுத்தவர் நகர்த்துவார். எவ்வளவு தூரம் நடக்கலாம், எவ்வளவு தூரம் சுடலாம் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. சுட்டது பட்டதா என்பதைப் பகடை சொல்லும். பாதிப் பேர் விழுந்துவிட்டால் மிச்சம் பேர் நிற்பார்களா ஓடுவார்களா என்பதற்கும் ஒரு பகடை. அதற்குத் தைரியப் பகடை என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

இது மாப்பிள்ளை கல்லூரியில் படித்தபோது பிடித்த பழக்கம். கல்யாணமாகி வந்தபோது பீரோ ஒன்று, பெட்டி ஒன்று, சிப்பாய்கள் ஆறு டப்பா. சுமதிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. எனக்குப் பார்த்த முதல் நாளே பிடித்துப்போயிற்று.

மாப்பிள்ளைக்கு ஆட ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தனியாகவே இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருப்பார். ஒரு நாள் பாவமாக இருந்து, நான் ஒரு பக்கம் நிற்கட்டுமா என்று கேட்டேன். விதிப் புத்தகத்தை வாசித்துக் காட்டினார். காதால் கேட்டே மனசில் ஏற்றிக்கொண்டேன். காலாள் ஆறு இன்ச், குதிரை பன்னிரண்டு, பீரங்கி முப்பத்தாறு.

டேப்பில் உள்ள எண் எனக்குப் பிடிபடாது. கைதான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்தால் காலாள். அதைப் போல இரண்டு குதிரை. பீரங்கிக்கு இரண்டு முழம். மாப்பிள்ளை டேப்பை வைத்துச் சரிபார்த்தார், நூலிழை வித்தியாசம்தான் இருந்தது. சரி அத்தை, உங்க கையே போதும் என்றுவிட்டார்.

பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, நவராத்திரிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறதே, இப்போதே பொம்மை வைத்துவிட்டீர்களா என்று கேட்டார். பாதிப் பொம்மை படுத்துக் கிடக்கிறதே, என்ன விசேஷம் என்றும் கேட்டார். செத்துப்போய்விட்டார்கள் என்றேன். அதற்குப் பிறகு அவர் வீட்டு வெற்றிலை பாக்குக்கு எங்களைக் கூப்பிடுவது கொஞ்சம் குறைந்தது.

வாசலில் நின்றவர்

இப்போது சம்பந்திக்கு வருகிறேன்.

அவர் மேல்கோட்டைக்காரர். சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஐயங்கார். நாங்கள் ஹனூர் பக்கம் மஞ்சள் வெள்ளாமை பண்ணின குடும்பம். என் வீட்டுக்காரர் மைசூரில் கட்டட வேலை பார்த்துப் பெண்ணைப் படிக்க வைத்தார். அந்தப் பெண்ணும் அவர் பையனும் ஒரே இடத்தில் வேலை பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோதும் வரவில்லை, மகன் மூலம் சொல்லி அனுப்பினார். அவர் மனைவியும் உயிரோடு இல்லை, அங்கே தனியாகத்தான் இருந்தார்.

ஒரு முறை ஏதோ வீட்டுப் பத்திரத்தில் மகனிடம் கையெழுத்து வாங்க வந்தார். வாசலைத் தாண்டவில்லை. உள்ளே வரச் சொன்னேன், பரவாயில்லை என்றார். தண்ணீர் தரட்டுமா என்றேன், பரவாயில்லை என்றார். நின்ற இடத்திலிருந்தே மேசையைப் பார்த்தார். நானும் மாப்பிள்ளையும் பாதி ஆட்டத்தில் இருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார், "அந்தக் குதிரையை மரத்துக்குப் பின்னால வெச்சா அது எதுக்கு ஆகும்? பக்கவாட்டுல வரணும்."

அது என் குதிரை. எனக்குச் சுருக்கென்று வந்தது. "அப்படீன்னா நீங்களே வந்து வச்சுக் காட்டுங்க சாமி" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் காலை பஸ்ஸில் வருவார். தன் சாப்பாட்டைத் தானே கொண்டுவருவார், பெரும்பாலும் புளியோதரை. முதலில் எங்கள் வீட்டில் தண்ணீர் மட்டும். பிறகு மோர். காப்பி வருவதற்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. இப்போது அவர் டப்பா எனக்கு, என் ராகி முத்தை, அதாவது களி உருண்டை, அவருக்கு. இதை மேல்கோட்டையில் யாரும் படிக்க மாட்டார்கள் என்று சுமதி சொல்கிறாள்.

அவரும் விதிகளைப் புத்தகம் பார்க்காமல்தான் ஆடுவார். மகன் ஒரு தடவை வாசித்துக் காட்ட, ஸ்லோகம் போல ராகம் போட்டுப் பாடம் பண்ணிவிட்டார். சந்தேகம் வந்தால் கண்ணை மூடி முதலிலிருந்து முணுமுணுப்பார், அந்த இடம் வந்ததும் நிறுத்துவார். விதி என்றால் அவருக்கு விதிதான். ஒரு எழுத்து மாறக் கூடாது.

நாங்கள் பேசுவது எல்லாம் சண்டைதான். போன வாரம் ஓடினீங்களே, இந்த வாரம் எங்கே ஓடப்போறீங்க என்பேன். பொறுங்கோ சம்பந்தியம்மா, பகடை நம்ம கையில இல்லை என்பார். அவர்தான் அதிகம் ஜெயிப்பார். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இந்த வயசில் என்னைப் பார்த்து மாத்திரை போட்டீங்களா, மெதுவா நடங்க என்று சொல்லாமல், உங்களை இன்னிக்கு விடறதா இல்லை என்று சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

மேசை சுருங்கியது

புது வீட்டில் பழைய மேசை நுழையவில்லை. கதவு வழியே நுழையவில்லை, அப்புறம் கதவைக் கழற்றினார்கள், உள்ளே வந்ததும் நாற்காலி போட இடமில்லை. அதை விற்றுவிட்டு, நாலு பேர் முட்டியிடித்துச் சாப்பிடும் ஒரு குட்டி மேசை வாங்கினோம். நீளமும் பாதி, அகலமும் பாதி. அதில் அந்தச் சிப்பாய்களை நிறுத்தினால் நடக்க இடம் கிடையாது.

தரையில் ஆடலாமே என்றேன். சம்பந்திக்கும் எனக்கும் சேர்த்து நாலு முட்டி, நாலும் மடங்காது. கொஞ்ச நாள் விட்டுவிடலாம் என்றாள் சுமதி. சம்பந்தி சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறவர் இல்லை. மகனைப் பார்க்க வந்தேன், மருமகளைப் பார்க்க வந்தேன் என்று ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. ஆட்டத்துக்கு வந்தேன் என்றுதான் வருவார். ஆட்டம் நின்றால் அந்த மனுஷர் வருவது நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம்.

மாப்பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்தார். சிப்பாயைச் சின்னதாக்கினால் போச்சு.

பார்சல் வந்தது. தட்டில் கொட்டினார். நான் ஏதோ விதை என்று நினைத்து முறத்தை எடுக்கப் போனேன். பழைய சிப்பாய் என் சுண்டுவிரலில் பாதி உயரம். இவன் ஒரு நெல்மணி. அதற்குள் தொப்பி, துப்பாக்கி, குறுக்கே வெள்ளை வார் எல்லாம் இருக்கிறது என்றார் மாப்பிள்ளை. இருந்திருக்கலாம்.

கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் வர்ணம் அடித்தார். சிவப்புக்குக் கருஞ்சிவப்பு, நீலத்துக்குக் கருநீலம். பழைய ஆட்டத்தில் ஒரு சின்னச் சதுரப் பலகையில் நாலு சிப்பாய் நிற்பான். அதே அளவுப் பலகையில் இப்போது ஒரு கூட்டத்தையே ஒட்டினார். மைசூர் சந்தையில் பண்டிகைக்கு முந்தின நாள் பூக்கடை முன்னால் நிற்கிற கூட்டம் மாதிரி இருந்தது. பார்க்க அழகு. நிஜமான படை மாதிரியே இருந்தது. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

நகராத படை

புத்தகத்தில் இன்ச் என்று இருக்கிற இடத்தில் எல்லாம் சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், வேறு எதுவும் மாறவில்லை என்றார் மாப்பிள்ளை. கேட்க எளிதாக இருந்தது.

என் கை மாறவில்லையே. ஆறு சென்டிமீட்டர் என்றால் மூன்று விரல் அகலம். மூன்று விரலைப் படுக்க வைத்து அளக்கப் போனால் வழியில் நிற்கும் படை எல்லாம் படுத்துவிடும். நான் ஒரு தடவை அளந்தால் மாப்பிள்ளை நாலு தடவை நிமிர்த்துவார். அத்தை, ஸ்வல்ப மெதுவா, ஸ்வல்ப மெதுவா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சம்பந்தியோ பழக்கத்தில் பழைய ராகத்தையே பாடினார். குதிரை பன்னிரண்டு இன்ச் என்று பாடிக்கொண்டே மேசைக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்.

சரி, பழகிவிடும் என்று ஆடினோம். காலை போய் மத்தியானம் வந்தது. படைகள் இன்னும் சந்திக்கவில்லை.

காரணம் யாருக்கும் புரியவில்லை. மாப்பிள்ளை தாளில் கணக்குப் போட்டுப் போட்டுக் கிழித்தார். கடைசியில் பிடிபட்டது. சிப்பாய் சுருங்கினான், நடை சுருங்கியது, மேசை சுருங்கியது. பலகை சுருங்கவில்லை. நாலு பலகை சேர்ந்தால் ஒரு படை. அந்தப் படை அதே பழைய அகலத்தில் நின்றுகொண்டு எறும்பு நடை நடக்கிறது. ஒரு பக்கமாகத் திரும்ப வேண்டுமானால் ஓரத்தில் நிற்கிறவன் சுற்றி வந்து சேர ஒரு யுகம் ஆகிறது. பக்கத்துப் படை மேல் இடிக்கிறது. மண்டி மொஹல்லா சந்தில் எதிரெதிரே வந்து நிற்கும் ஆட்டோக்கள் கூட இதைவிடச் சீக்கிரம் கலைந்துவிடும்.

சம்பந்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இது யுத்தமா, தேர் இழுக்கறதா? தேராவது சாயங்காலத்துக்குள்ள நிலைக்கு வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை எல்லா நடையையும் இரண்டு மடங்காக்கினார். சுடுகிற தூரத்தைத் தொடவில்லை. அன்றைக்கு என் குதிரைகள் ஒரே பாய்ச்சலில் சம்பந்தியின் பீரங்கி மேல் ஏறிவிட்டன. ஒரு குண்டு போடுவதற்குள் ஆட்டம் முடிந்தது. காப்பிக்குப் பால் கூடப் பொங்கவில்லை. ஜெயித்தது நான்தான். ஆனால் அதை ஜெயித்தேன் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. பஸ்ஸில் அவ்வளவு தூரம் வந்த மனுஷர் மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார்.

பலகையைச் சின்னதாக வெட்டி, எல்லாரையும் பிரித்து மறுபடி ஒட்டினால்தான் வழி என்று ஆயிற்று. மாப்பிள்ளை அந்த டப்பாவைப் பார்த்தார். பேடா, வேண்டாம், என்னால முடியாது என்று சோபாவில் சாய்ந்துவிட்டார்.

அப்போது சுமதி தோசை மாவுப் பாத்திரத்துடன் நின்றாள். சாப்பிட மேசை வேண்டும், மேசை மேல் இரண்டு ராஜ்ஜியம். அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"பலகையை வெட்ட முடியலைன்னா பலகையாலயே அளந்து தொலைங்க நரசிம்மா. இன்ச்சும் வேண்டாம், சென்டிமீட்டரும் வேண்டாம். நாலு பலகை ஒரு படைங்கறதை ரெண்டாக்குங்க. இப்ப இதையெல்லாம் எடுங்க, கல்லு காயுது."

புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நான் எத்தனையோ தடவை கண்டித்திருக்கிறேன். அன்றைக்குக் கண்டிக்கவில்லை. மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார்.

காலாள் இரண்டு பலகை தூரம். குதிரை நாலு. பீரங்கி ஒன்பது. ஆளில்லாத வெறும் பலகை ஒன்றை ஆளுக்கொன்று கையில் கொடுத்துவிட்டார். அதைப் புரட்டிப் புரட்டி வைத்து அளக்க வேண்டியதுதான். என் கைக்கு வேலை போனது, அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் தனியாக ஆடிப் பார்த்தபோது எல்லாம் கச்சிதமாக நடந்தது. சுமதியிடம் மாப்பிள்ளை சொன்னபோது அவள் தோசையைத் திருப்பிப் போட்டாளே தவிர நிமிரக்கூட இல்லை.

அந்த ஞாயிறு

இப்படி எல்லாம் சரியாகி, இனி ஒரு தொல்லையும் இல்லை என்று உட்கார்ந்த அந்த மூன்றாவது ஞாயிறில்தான் நான் முதலில் சொன்னது நடந்தது.

சம்பந்தி புது அளவை வரும்போதே பஸ்ஸில் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். ஆட்டம் நன்றாகப் போனது. படைகள் நேரத்துக்குச் சந்தித்தன. இடது மூலையில் என் படை ஒன்று அவர் படைக்குப் பக்கத்திலேயே போய் நின்றது. மாப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

சம்பந்தி கையை நீட்டி என் படையை எடுத்தார். பலகையால் பதமாக அளந்து, திருப்பி, என் பீரங்கிக்கு நேரே வைத்தார். சுடறேன் என்றார். பகடை போட்டார். என் பீரங்கிக்காரர்கள் விழுந்தார்கள். அடுத்த தடவையும் அதே படையை எடுத்து அதே மாதிரி சுட்டார்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா. மூன்று வாரத்தில் விதி மூன்று தடவை மாறிவிட்டது. புத்தகத்தை நானாகப் புரட்டிப் பார்க்க முடியாது. பகடை சரியாக விழாத படை எதிராளி பக்கம் சேர்ந்துவிடும் என்று புதிதாக ஒன்று சேர்த்திருப்பார்கள், நான் கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்தேன். நியாயமாகவும் பட்டது. சோறு போடுகிற பக்கம் ஆள் போகத்தானே செய்வான். கேட்டால், அதுகூடத் தெரியாதா என்று இந்த மனுஷர் ஒரு பார்வை பார்ப்பார். அதற்குக் கடலையை மென்றுகொண்டு இருந்துவிடலாம்.

மாப்பிள்ளை வந்தார். கேட்டார்.

நான் என் மனசில் இருந்ததைச் சொன்னேன். "அப்படி ஒரு விதி இருக்குதுன்னு நினைச்சேனுங்க மாப்பிள்ளை."

"இருக்கு" என்றார் சம்பந்தி.

"எங்கேப்பா இருக்கு?"

"இருக்குடா. நீ சரியாப் பாரு."

மாப்பிள்ளை புத்தகத்தை எடுத்தார். தடதடவென்று தாளைத் தள்ளினார். இல்லை, இந்தப் பக்கம் இல்லை, இங்கேயும் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். மூன்று வாரம் கணக்குப் போட்டேன், வர்ணம் அடித்தேன், யாரும் ஒழுங்காக ஆட மாட்டேன் என்கிறீர்கள் என்று குரல் ஏறியது.

நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி விதியை முணுமுணுக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. விதியில் சந்தேகம் என்றால் உடனே முணுமுணுக்கிறவர் ஆயிற்றே. அந்த நீலப் படையை எடுத்துக் கையை நீட்டி வைத்துப் பார்த்தார். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். மறுபடி தள்ளிப் பிடித்தார். பிறகு மேசை மேல் வைத்துவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கருஞ்சிவப்பும் கருநீலமும் அவருக்கு ஒன்று. பழைய சிப்பாய்கள் பெரியவர்கள், தொப்பியைப் பார்த்தே யார் ஆள் என்று சொல்லிவிடுவார். இந்த நெல்மணியில் அவருக்குத் தெரிந்தது கறுப்பாக ஒரு கூட்டம், அவ்வளவுதான்.

நான் மாப்பிள்ளையின் முழங்கையைத் தொட்டேன். புத்தகத்தை வாங்கி மூடினேன். "போதுங்க. எனக்குத் தலை வலிக்குது. இன்னிக்கு இதோட விட்டுரலாம்."

சம்பந்தி நடுப்பகல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். முத்தை அடுப்பில் இருந்தது.

வராத ஞாயிறு

அடுத்த ஞாயிறு வரவில்லை. கோயிலில் பாராயணம் என்று மகனிடம் சொன்னாராம். அதற்கடுத்த ஞாயிறு முழங்கால் என்றார். அதற்குப் பிறகு காரணம் கேட்கவே மாப்பிள்ளைக்கு மனசில்லை. அப்பா கோபமாக இருக்கிறார், நான் கத்தினேன் இல்லையா என்று வருத்தப்பட்டார். கண் விஷயத்தை அவரிடம் சொன்னேன். உடனே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று போனை எடுத்தார். நான் பிடுங்கி வைத்தேன். டாக்டரிடம் போகட்டும், போக வேண்டியதுதான். ஆனால் முதலில் அவர் இந்த வீட்டுக்கு வர வேண்டும். உனக்குக் கண் தெரியவில்லை என்று போனில் சொன்னால் அவர் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்.

பெரிய சிப்பாய்க்குத் திரும்பவும் முடியாது. மேசை இல்லை. சிவப்பை வெளுப்பாக அடிக்கச் சொன்னால் மாப்பிள்ளை அழுதுவிடுவார்.

சுமதி ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கால் நகத்துக்கு ரோஸ் கலரில் பாலிஷ் பூசிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டு விளக்கு மாதிரி பளபளவென்று இருந்தது. நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயிருந்து அவள் விரலைப் பார்க்கிறேன், விரல் தெரியவில்லை, நகம் தெரிகிறது.

அந்தப் பாட்டிலை வாங்கிக்கொண்டேன். சிப்பாய் மேல் ஒரு சொட்டுக் கூடப் படவில்லை. சம்பந்தியின் பலகைகளில் மட்டும், விளிம்பைச் சுற்றி, ரோஸ். என் பலகைகளை அப்படியே விட்டுவிட்டேன். சாயங்காலம் மாப்பிள்ளை பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். அந்தக் காலத்துச் சண்டையில் ரோஸ் கலர் புல்தரை எங்கே இருந்தது என்று கேட்டார். நான் பாட்டிலை மூடி வைத்தேன்.

பிறகு சுமதியின் போனில் சம்பந்தியைக் கூப்பிட்டேன். நானாக அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சம்பந்திங்களா? நான்தானுங்க. இந்தப் பொடியனுங்க என்ற கண்ணுக்குப் பிடிபட மாட்டேங்கறாங்க. யாரு உங்க ஆளு, யாரு என்ற ஆளுன்னே தெரியலீங்க. அன்னிக்கு அதனாலதான் நானும் சும்மா இருந்துட்டேன். இப்பப் பலகைக்கு வர்ணம் பூசியிருக்கறனுங்க. நீங்க வந்து சரியான்னு ஒரு எட்டுப் பாத்துட்டுப் போகோணும்."

லைன் போய்விட்டதோ என்று போனைத் தட்டினேன்.

"புஸ்தகத்துல அதுக்கு இடம் இருக்கா?" என்றார்.

"இல்லீங்க. இது நான் போட்ட விதி."

பிறகு, "பார்க்கறேன்" என்றார்.

வந்தார். புளியோதரை டப்பா வந்தது. முழங்கால் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்று நான் சொல்லி வைத்திருந்தேன். மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். ரோஸ் விளிம்பு ஒன்றை விரலால் தடவினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கு அவர் என்னை விடவே இல்லை. நடுவில் என் படை எல்லாவற்றையும் கட்டி இழுத்து வைத்துக்கொண்டு, மரங்களுக்கு வெளிப்பக்கமாக, பலகைக்குப் பலகை அளந்து, ரோஸ் குதிரைகளை என் பக்கவாட்டில் கொண்டுவந்து விட்டார். நான் பார்ப்பதற்குள் என் பீரங்கி போயிற்று. தைரியப் பகடை எனக்கு ஒன்றும் இரண்டுமாக விழுந்தது. என் நீலச் சட்டைக்காரர்கள் ஒருத்தன் பாக்கியில்லாமல் சுமதியின் ஊறுகாய் ஜாடி வரைக்கும் ஓடினார்கள். எனக்கு வந்த எரிச்சலில் மோரில் உப்புப் போட மறந்தேன். அவர் அதை அப்படியே குடித்தார்.

கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை லிஃப்டைப் பிடிக்கப் போயிருந்தார். சம்பந்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள என் பலகைக்கு மட்டும் இன்னும் ஒரு கை கனமா பூசி வையுங்கோ, சம்பந்தியம்மா."